ஒரு கார்ட்டூனைத் தடுக்க எத்தனை வழி?

நம்ம இதழின் காமிக்ஸ் பக்கத்துக்குப் படம் வரையுற எல்லாருக்கும் ஒரு தடவையாவது இந்தச் சந்தேகம் வந்திருக்கும்: "இதப் போட்டா பிரச்சனை ஆகுமா?" பொன்னேரியில இருந்துக்கிட்டு, எண்ணூர் கழிமுகத்துல கலந்த சாம்பலைப் பத்தி நாலு கட்டத்துல ஒரு காமிக்ஸ் வரையணும்னு வச்சுக்கோங்க. வரையலாமா? தமிழ்நாட்டுல நடந்த மூணு சம்பவங்களை வச்சுப் பார்ப்போம்.

முதல்ல அடிப்படை. அரசியலமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு நமக்குக் கருத்துரிமை தருகிறது. படமும் அதில் அடக்கம். பொது ஒழுங்கு, கண்ணியம், அவதூறு போன்ற சில காரணங்களுக்காக மட்டும் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது 19(2). 'ஒருத்தருக்குக் கோபம் வந்துச்சு' என்பது அந்தப் பட்டியல்ல இல்லை.

சட்டமன்றம், 1987: அமைச்சர்களையும் எம்.எல்.ஏ.க்களையும் திருடர்களோடு ஒப்பிட்டுக் கிண்டல் செய்த ஒரு ஜோக், ஆனந்த விகடன் அட்டையில் வந்தது. உரிமை மீறல் என்று சொல்லி, ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு 3 மாதக் கடுங்காவல் விதித்தது சட்டமன்றம். எதிர்ப்பு கிளம்பவே சில நாள்களில் விடுதலை ஆனார். ஆனா அவர் அத்தோட விடல. வழக்குப் போட்டார். 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கைது செல்லாது என்று சொல்லி, 1000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

போலீஸ், 2017: கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் தீக்குளித்தது. முதல்வர், கலெக்டர், எஸ்.பி. மூவரையும் விமர்சித்து கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் வரைந்தார். அவதூறுப் பிரிவிலும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஆம் பிரிவிலும் (இணையத்தில் ஆபாசம்) வழக்குப் போட்டு, நவம்பர் 5 அன்று கைது செய்தார்கள். மறுநாளே ஜாமீன். வழக்கு ரத்தானது 2021இல்.

இணைய முடக்கம், 2025: பிரதமர் கைவிலங்கோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கார்ட்டூன் விகடன் பிளஸில் வந்தது. பிப்ரவரி 15 அன்று விகடன் இணையதளமே பலருக்குத் திறக்கவில்லை. ஒரு படத்துக்காக மொத்தத் தளமும் போச்சு. மார்ச் 6 அன்று முடக்கத்தை நீக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். அந்தப் படத்தை மட்டும் தற்காலிகமாக எடுக்கணும் என்ற நிபந்தனையோடு.

இப்போ கணக்குப் போடுங்க. கைதுக்கோ முடக்கத்துக்கோ ஒரே நாள் போதும். நிவாரணம் வர 7 வருஷம், 3 வருஷத்துக்கு மேல, கிட்டத்தட்ட 3 வாரம். தீர்ப்புல ஜெயிச்சாலும் அலைச்சலே தண்டனைதான். அதைப் பார்த்துப் பயந்து அடுத்த ஆள் பேனாவைக் கீழ வச்சுட்டா, தடை போடாமலே தடை வந்துடும்.

இதுக்கு அமெரிக்கக் காமிக்ஸ்காரங்க ஒரு வழி கண்டாங்க. 1986இல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு காமிக்ஸ் கடை மேனேஜர் கைதானபோது, ஓவியர்கள் சேர்ந்து வக்கீல் செலவுக்குப் பணம் திரட்டினார்கள். மேல்முறையீட்டில் அவர் ஜெயித்தார். அந்த முயற்சியே காமிக் புக் லீகல் டிஃபென்ஸ் ஃபண்ட் என்ற நிரந்தர அமைப்பாச்சு.

நாம என்ன செய்யலாம்?

• படத்துக்குப் பின்னாடி இருக்கிற தகவலை உறுதி பண்ணுங்க. ஆதாரத்தை எடுத்து வைங்க.
• பதவியில இருக்கிறவர் செஞ்ச வேலையை வரைங்க. அவர் வீட்டு மனுஷங்களை இழுக்காதீங்க.
• யாராவது "எடுத்துடு"ன்னு சொன்னா, எந்தச் சட்டம், எந்தப் பிரிவுன்னு எழுத்துல கேளுங்க.
• 19(1)(அ) முக்கியமா அரசுக்கு எதிரான பாதுகாப்பு. தனியார் கல்லூரி நிர்வாகம் நிறுத்தினா அது அப்படியே பொருந்தாது. அதனால இதழுக்கான விதிகளை முன்கூட்டியே எழுதி வாங்கி வைங்க.
• வரைஞ்சவரைத் தனியா விடாதீங்க. ஆசிரியர் குழுவே கூட நிக்கணும்.

சாம்பல் காமிக்ஸை வரைங்க. தகவல் சரியா இருந்தா, நம்ம பக்கத்துல அதுக்கு இடம் இருக்கு.