வட்டுகளின் பெயரும் எண்ணும்

ஒரு பொருளை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்தி அறியவே பெயரிடும் வழக்கம் தோன்றியது. காரணம் கருதாது இட்டு வழங்குவது இடுகுறிப்பெயர். காரணம் கருதி இடுவது காரணப்பெயர். கணினியில் உள்ள வட்டுகளுக்கும் பெயர்கள் உண்டு. அவற்றை இடுவது கணினியின் இயங்குதளம் ஆகும்.

விண்டோஸ் கணினியில் முதன்மை வட்டு ‘சி’ என்னும் எழுத்தால் அழைக்கப்படுகிறது. ‘ஏ’, ‘பி’ ஆகியவை எங்கே என்னும் ஐயம் எழுதல் இயல்பே. 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனிக்கணினியின் பெட்டிக்குள் இரண்டு ஃபிளாப்பி இயக்கிகளைப் பொருத்த இடம் இருந்தது. முதல் இரண்டு எழுத்துகளும் அவற்றுக்கு உரியவாயின. பின்னர் வந்த வன்வட்டு மூன்றாம் எழுத்தைப் பெற்றது. ஃபிளாப்பிகள் வழக்கொழிந்த பின்னும் ‘சி’ நிலைத்துவிட்டது.

லினக்ஸ் இயங்குதளம் வேறொரு முறையைக் கையாளுகிறது. அதில் முதல் வட்டு ‘எஸ்டிஏ’ எனவும், அடுத்தது ‘எஸ்டிபி’ எனவும் பெயர் பெறும். ‘எஸ்டி’ என்பது ஸ்கசி என்னும் வகை வட்டைக் குறிக்க எழுந்த காரணப்பெயர். இன்று பென்டிரைவும் அப்பெயரையே தாங்குகிறது. வட்டைப் பிரிவுகளாகப் பகுத்தால், எஸ்டிஏ1, எஸ்டிஏ2 எனப் பெயரின் இறுதியில் எண் சேரும். பழைய பகுப்பு முறையில் 1 முதல் 4 வரையிலான எண்கள் முதன்மைப் பிரிவுகளுக்கு உரியவை. உட்பிரிவுகளின் எண் 5இல் தொடங்கும். எனவே 2க்கு அடுத்து 5 வருதல் பிழையன்று.

இம்முறையில் ஓர் இடரும் உண்டு. வட்டுகள் கண்டறியப்படும் வரிசையிலேயே எழுத்துகள் வழங்கப்படுகின்றன. புதிய வட்டு இணைக்கப்பட்டால் அவ்வரிசை மாறக்கூடும். நேற்று ‘எஸ்டிபி’ எனப்பட்ட வட்டு இன்று ‘எஸ்டிஏ’ ஆகலாம். பெயரை மட்டும் நம்பி ஃபார்மேட் செய்பவர், பல்லாண்டுகள் சேமித்த நிழற்படங்களையும் ஆவணங்களையும் ஒரே கட்டளையில் இழக்க நேரிடும்.

இவ்விடரைத் தவிர்க்க உதவுவது யூயூஐடி என்னும் அடையாள எண். 128 பிட் அளவுடைய இது, 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஆறு எழுத்துகளும் கலந்து 32 குறிகளால் எழுதப்படுகிறது. லினக்ஸுக்கென ஒரு பிரிவை ஃபார்மேட் செய்யும்போதே இவ்வெண் அதனுள் பதிந்துவிடுகிறது. ஆகவே வட்டை எந்த இணைப்பில் பொருத்தினாலும் எண் மாறுவதில்லை. மீண்டும் ஃபார்மேட் செய்தால் புதிய எண் அமையும்.

வகுப்பு வருகைப் பதிவேட்டில் மாணவரின் வரிசை எண் ஆண்டுதோறும் மாறலாம். அப்பள்ளியில் பயிலும்வரை சேர்க்கை எண் மாறாது. அன்றாடம் அழைப்பதற்கு வரிசை எண் போதும். மாற்றுச் சான்றிதழ் எழுதுகையில் சேர்க்கை எண்ணே துணை செய்யும். வட்டுக்கும் இது பொருந்தும். திறந்து பார்ப்பதற்கு எளிய பெயர் போதும்; அழிப்பதற்கு முன் அடையாள எண்ணைச் சரிபார்த்தல் வேண்டும்.

சொற்பொருள்
இடர் – துன்பம்
நெடுங்கணக்கு – எழுத்துகளின் வரிசை
வழக்கொழிதல் – பயன்பாட்டிலிருந்து மறைதல்

பயிற்சி
1. முதன்மை வட்டுக்குச் ‘சி’ என்னும் எழுத்து அமைந்தது ஏன்?
2. ‘எஸ்டிஏ5’ என்னும் பெயரைப் பிரித்து விளக்குக.
3. பள்ளியிலும் வீட்டிலும் வழங்கும் காரணப்பெயர்கள் ஐந்தனை எழுதி, அவற்றுள் காரணம் மறைந்த பின்னும் நிலைத்திருப்பவை எவை எனக் காண்க.