ஆற்றங்கரையும் ஒரு கொப்பியும்

மட்டக்களப்பு வாவியைக் காத்தான்குடியில் நாங்கள் பேச்சில் 'ஆறு' என்றே சொல்வோம். அதன் ஓரம் 'ஆற்றங்கரை'. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலுடன் சேர்கிறது. மாரியில் மழைநீர் நிறையும். கோடையில் உப்பு ஏறும். இப்படி மாறும் நீரைத் தாங்கக்கூடிய மரங்களே அதன் கரையில் நிற்கின்றன.

சென்ற வருடம், டியூசன் வகுப்புக்குப் போகும் பாதையோரம் இருந்த ஒரு பற்றை வெட்டப்பட்டு, அந்த இடம் மண் போட்டு நிரப்பப்பட்டது. "அதில் என்ன மரம் நின்றது?" என்று தங்கை கேட்டாள். இரண்டு வருடம் தினமும் அதைக் கடந்து போனவள், உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றுதான் ஒரு கொப்பி வாங்கினேன்.

வெள்ளிக்கிழமைகளில் சுபஹுத் தொழுகைக்குப் பின் உம்மம்மாவுடன் நடக்கத் தொடங்கினேன். முதல் நாள் எல்லா மரத்தையும் 'கண்டல்' என்று எழுதினேன். உம்மம்மா சிரித்தார். பிறகு வேரையும் இலையையும் பார்த்துப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன்.

கண்டல்: தண்டிலிருந்து வளைந்து சேற்றில் ஊன்றி நிற்பவை மிண்டி வேர்கள். பயற்றங்காய் போல நீண்டு தொங்குவது வெறும் காய் அன்று. விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிட்ட நாற்று. அது விழுந்து சேற்றில் நட்டுக்கொள்ளும், அல்லது மிதந்து போய் வேறு கரையில் வேர்விடும்.

கண்ணா: மரத்தைச் சுற்றிப் பென்சில்களை நட்டு வைத்ததுபோல் மூச்சு வேர்கள் மேலே நீட்டி நிற்கும். சேற்றுக்குள் காற்று குறைவு என்பதால் அவை வெளியில் வந்து சுவாசிக்கின்றன. இம்மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. வெயில் நாளில் இலையைத் தடவிப் பாருங்கள். விரலில் உப்பு ஒட்டும்.

தில்லை: இதைத் தொடாமலே படிக்க வேண்டும். "கிட்டப் போகாத மகள், பால் கண்ணுல பட்டா பார்வை போயிரும்" என்றார் உம்மம்மா. இதன் பால் கண்ணுக்கு ஆபத்தானது என்பதைப் புத்தகமும் சொல்கிறது. உம்மம்மா அதை எந்தப் புத்தகத்திலும் படித்தவர் அல்லர்.

பறவைகளுக்குப் பொறுமை வேண்டும். 'வெள்ளைக் கொக்கு' என்று நான் எழுதியது இரண்டு இனம். கறுப்பு அலகும் கறுப்புக் காலும் மஞ்சள் பாதமும் உள்ளது சின்னக் கொக்கு. ஆழமில்லாத நீரில் காலை அசைத்து மீனைக் கலைத்துப் பிடிக்கும். மஞ்சள் அலகு உள்ளது மாட்டின் பின்னே திரியும் உண்ணிக்கொக்கு. நீர்க்காகம் கம்பில் இருந்து சிறகை விரிப்பது அழகுக்காக அல்ல; முங்கி மீன் பிடிக்கையில் நனைந்த இறகை உலர்த்துகிறது.

தோழிகளே, இதற்குத் தொலைநோக்கி தேவையில்லை. திகதி, நேரம், இடம், கண்டது, அது செய்தது ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் இலையை வரையுங்கள். வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். கூட்டைத் தொடாதீர்கள், தனியே சேற்றில் இறங்காதீர்கள்.

கண்டல் வேர்களுக்கிடையே இறாலும் மீன்குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. அவை பெருத்துத்தான் நம் சட்டிக்கு வருகின்றன. 'பற்றை' என்று சொன்னால் வெட்டுவது எளிது. கண்ணா, கண்டல், தில்லை என்று பெயர் சொல்லத் தெரிந்தவள் ஒருத்தி அருகில் நின்றால், வெட்ட வருபவரிடம் ஒரு கேள்வியாவது கேட்கலாம்.

என் கொப்பியில் இப்போது நாற்பத்தொரு பக்கங்கள் நிரம்பியுள்ளன. முதல் பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். அது தங்கை கேட்ட அந்த இடத்துக்கு உரியது.