மீண்டும் எழுந்த பல்லியம்

இங்கிலாந்தில் பருத்தி நெசவாற் புகழ்பெற்ற நகர் மான்செஸ்டர். ஜெர்மனியிற் பிறந்து ஆங்குக் குடியேறிய சார்லஸ் ஹாலே என்னும் இசைவாணர், 1858-ஆம் ஆண்டில், பல கருவிகள் ஒருங்கியைந்து ஒலிக்கும் பல்லியக் குழுவொன்றை நிறுவினார். இன்றும் அக்குழு அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 டிசம்பரில், அக்குழுவினர் இசைத்துவந்த மண்டபம் குண்டுவீச்சிற்கு இரையாயிற்று. இளைஞர் பலர் போர்ப்பணிக்குச் சென்றனர். 1943-இல் ஜான் பார்பிரோலி என்பார் நியூயார்க்கிலிருந்து தலைமையேற்க வந்தபொழுது, குழுவில் எஞ்சியிருந்தோர் முப்பதின்மர் அளவினரே.

பார்பிரோலி தளர்ந்தாரல்லர். நாள்தோறும் பலரை இசைக்கச்செய்து, தகுதியுடையாரைத் தேர்ந்தெடுத்தார். பள்ளி மாணவன் ஒருவன் முதற் குழலிசைஞன் ஆனான். பள்ளி ஆசிரியை ஒருவர் கொம்பிசைக்க வந்தார். சில கிழமைகளுள் புதுக்குழு உருவாகி, ஜூலைத் திங்களில் அரங்கேறிற்று. கேட்டோர் வியந்து பாராட்டினர்.

பின்னர்ப் பிற குழுக்கள் அழைத்தபோதும் அவர் அக்குழுவை விட்டு நீங்கிலர். 1968 வரை அக்குழுவிற்குத் தலைமை பூண்டார். தேர்ந்தாரைப் பெற்று நடத்துதல் எளிது. கிடைத்தாரைத் தேர்ந்தாராக்கி நடத்துதலே தலைமையின் மாண்பாகும்.