கோடை உழவின் பயன்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கரிசற் காடுகளிற் பெரும்பகுதி வானம் பார்த்தவை. ஆவணி, புரட்டாசியில் பருத்தியும் மக்காச்சோளமும் விதைக்கிறோம். ஆயினும் அவ்விதைப்புக்குரிய ஆயத்தம் சித்திரையிலேயே தொடங்க வேண்டும். விதைப்பு மழை பெய்த பின்னர் உழவுக்கு அலைவோர் பலர். டிராக்டர் கிடைப்பதற்குள் ஈரம் போய்விடும்.

உழவுக்குப் பதம் முக்கியம். கோடை மழைக்குப் பின், கையிற் பிடித்த மண் ஒட்டாமல் உதிரும் நிலையே ஏற்ற பதம். மிகுந்த ஈரத்தில் உழுதால் கரிசல் கட்டி கட்டியாகப் புரளும். இறுகிக் காய்ந்தபின் கொழு இறங்காது.

சரிவுக்குக் குறுக்கே உழுதல் வேண்டும். அப்போது ஒவ்வொரு சாலும் ஓடும் நீரைத் தடுத்து மண்ணுள் இறக்கும். சரிவின் வழியே உழுதாலோ, அதே சால் வாய்க்காலாகி மேல்மண்ணைக் கொண்டுபோகும்.

மற்றொரு பயனும் உண்டு. 2018-ஆம் ஆண்டில் நம் நாட்டிற்குள் புகுந்த படைப்புழு, அவ்வாண்டே பெரம்பலூர் மக்காச்சோளத்தைப் பெரிதும் அழித்தது. அதன் கூட்டுப்புழு மண்ணில் 2 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் தங்கும். உழவு அதனை மேலே புரட்டினால் வெயிலிற் காயும். காக்கையும் மைனாவும் கொத்தித் தின்னும். பின்னர்க் கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுதல் நலம்.

ஆனால், அந்துப்பூச்சி வரப்பறியாது பறப்பது. ஒருவர் உழுது அண்டையார் வாளாவிருந்தால் பயன் பாதியே. ஆதலின் அடுத்தடுத்த காட்டுக்காரர்கள் கலந்து பேசி, ஒரே வாரத்தில் உழுது முடித்தல் நன்று. கூட்டுறவு என்பது கடன் பெறுவதற்கு மட்டும் அன்று.