பெட்டியின் தலையில் சுமை ஏற்றாதீர்கள்: பேலட் தாங்கிகளுக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

திருப்பூர், கோவைப் பக்கம் குடோன் வாடகை சதுர அடிக் கணக்கில்தான் பேசப்படுகிறது. உயரத்துக்கு யாரும் வாடகை கேட்பதில்லை. ஆனாலும் 18 அடி கூரை உள்ள குடோனில் பனியன் பெட்டிகள் ஆறடிக்கு மேல் ஏறுவது அரிது. அதற்கு மேல் அடுக்கினால் அடிப்பெட்டி நசுங்கும். தரையில் போல்ட் அடித்து ரேக் போட வாடகைக் கட்டடத்தில் எல்லா உரிமையாளரும் சம்மதிப்பதில்லை. சீசன் முடிந்தால் ரேக் வெறுமனே நின்று இடத்தை அடைக்கும்.

இதற்கு வழி பேலட் தாங்கி, அதாவது பேலட்டின் நான்கு மூலையிலும் கால் நிறுத்தி, காலுக்கு மேலே சட்டம் கட்டி, அந்தச் சட்டத்தின்மேல் அடுத்த பேலட்டை வைப்பது. பக்கத்து வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம். ஆனால் பெரும்பாலும் கண்மதிப்பில் செய்கிறார்கள் என்பதுதான் என் கவலை. அதன் கீழே நின்று வேலை பார்ப்பவர்கள் லோடுமேன்கள்.

இங்கே 1,200 × 1,000 மி.மீ. பேலட், சரக்கோடு 800 கிலோ, மூன்று அடுக்கு, அடுக்குக்கு 1.3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

எடை முழுவதும் கால் வழியாகத் தரைக்குப் போக வேண்டும், சரக்கு வழியாக அல்ல. பெட்டியின் மேல்பரப்புக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளி மூடிவிட்டால் பெட்டி சுமை தாங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். மழைக்காலத்தில் அட்டை ஈரத்தை இழுத்து வலுவிழக்கும். மாதக்கணக்கில் சுமையோடு நின்றாலும் வலு குறையும். இன்று தாங்கிய பெட்டி ஐப்பசியில் தாங்கும் என்று நம்ப முடியாது.

கணக்கை அடி அடுக்கிலிருந்து தொடங்குங்கள். அடிச் சட்டத்தின்மேல் இரண்டு பேலட், 1,600 கிலோ. நான்கு கால்களுக்குப் பகிர்ந்தால் காலுக்கு 400 என்று பட்டறையில் சொல்வார்கள். தரை சமமாக இல்லாத இடத்தில் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்களே பாரத்தை வாங்கும். அப்போது காலுக்கு 800. ஃபோர்க்லிஃப்ட் பேலட்டைச் சற்று வேகமாக இறக்கினால் அந்த அதிர்ச்சியும் சேரும். அதனால் நான் இரட்டித்து 1,600 கிலோ என்றே எடுப்பேன். 400-க்குப் போட்ட குழாயும் 1,600-க்குப் போட்ட குழாயும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், சுவர்க்கனம் மட்டும் வேறு. கனத்தைக் காலிப்பர் வைத்து அளந்து வாங்குங்கள்.

நான்கு காலின் தலையையும் சட்டத்தால் பிணையுங்கள், பக்கவாட்டில் குறுக்குக் கம்பியும் கொடுங்கள். இந்த வடிவமைப்பில் முதன்மையான விஷயம் இதுதான். ஒல்லியான கால் நசுங்கி உடைவதில்லை, வளைந்து மடங்குகிறது. உயரம் இரட்டித்தால் மடங்காமல் தாங்கும் திறன் நான்கில் ஒரு பங்காகும். அடியை மட்டும் இறுக்கி மேல்முனையை ஆடவிட்ட கால், இரு முனையும் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கப்பட்ட காலோடு ஒப்பிட்டால், அதுவும் நான்கில் ஒரு பங்கே தாங்கும். பருமனான குழாய்க்குச் செலவிடுவதற்கு முன் குறுக்குக் கம்பிக்குச் செலவிடுங்கள்.

கால், பேலட்டின் மூலைக் கட்டைக்கு நேர்மேலே நிற்கட்டும். ஐரோப்பாவின் யூரோ பேலட்டில் ஒன்பது கட்டைகள், 78 ஆணிகள். சுமையைத் தரைக்குக் கொண்டுசெல்பவை அந்தக் கட்டைகளே. இரண்டு கட்டைக்கு நடுவே உள்ள பலகைமேல் காலை நிறுத்தினால் பலகை பிளக்கும்.

மேல் சட்டத்தில் நடுக்கம்பி வையுங்கள். தரையில் இருக்கும்போது பேலட் முழுவதும் தாங்கப்படுகிறது. விளிம்பில் மட்டும் உட்கார்ந்தால் நடுப்பகுதி பாலம்போலத் தொங்கும். பேலட்டில் குறித்திருக்கும் எடை அந்த நிலைக்குப் பொருந்தாது.

மூலைகளில் மேல்நோக்கிய ஆங்கிள் துண்டுகளை வெல்டு செய்து, மேல் பேலட் நழுவாமல் தானாக இடத்தில் உட்காரும்படி செய்யுங்கள்.

சட்டத்தைப் பட்டறையிலிருந்து வாங்கும்போதே மூலைவிட்டம் இரண்டையும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். 1,200-க்கு 1,000 சட்டத்தில் இரண்டும் 1,562 மி.மீ. வர வேண்டும். வித்தியாசம் இருந்தால் சட்டம் கோணிவிட்டது, திருப்பி அனுப்புங்கள். காலுக்குத் தூக்குக்குண்டு, தரைக்கு ரசமட்டம் பிடியுங்கள். ஒரு மீட்டர் அகலத்தில் தரை 5 மி.மீ. சாய்ந்திருந்தால் 3.9 மீட்டர் உயரத்தில் உச்சி 20 மி.மீ. விலகி நிற்கும். அந்தச் சாய்வை ஒவ்வொரு அடுக்கின் தளர்வும் கூட்டும்.

ஒவ்வொரு சட்டத்திலும் 'இவ்வளவு கிலோ, இத்தனை அடுக்கு' என்று பெயிண்டில் எழுதுங்கள். தமிழில் மட்டும் போதாது. சுமை ஏற்றுபவர்களில் ஒடிசா, பீகார் தம்பிகள் பலர். அவர்கள் படிக்கும் மொழியிலும் எழுதுங்கள்.

கால்கள் கழற்றக்கூடியவையாக இருக்கட்டும். சீசன் முடிந்ததும் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்துவிட்டால் இடம் திரும்பக் கிடைக்கும். கழற்ற முடியாத தாங்கி ரேக்கைப் போலவே இடத்தை அடைக்கும்.

செய்யக்கூடாதவை

மொத்த உயரம், பேலட்டின் குறுகிய பக்கத்தைப்போல் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது. ஒரு மீட்டர் அகலத்துக்கு நான்கு மீட்டர். தரை சீராக இல்லையென்றால் மூன்று மடங்கோடு நிறுத்துங்கள், அதாவது நம் கணக்கில் இரண்டே அடுக்கு. மூன்றாவதை வைத்தால் என்ன ஆகிவிடும் என்று முதலாளி கேட்டாலும் வைக்காதீர்கள்.

ஸ்பிரிங்க்ளர் இருந்தால் அதன் கீழே 18 அங்குலத்துக்குக் குறையாத வெற்றிடம் விடாமல் அடுக்காதீர்கள். தண்ணீர் பரவ அந்த இடம் தேவை.

கனத்தை மேலே, லேசானதை அடியில் வைக்காதீர்கள்.

வளைந்த காலைச் சூடாக்கி, சுத்தியலால் அடித்து நிமிர்த்தி மறுபடி நிறுத்தாதீர்கள். ஒருமுறை மடங்கிய இடத்தில்தான் அடுத்த முறையும் மடங்கும். பழைய இரும்புக்குப் போடுங்கள். வெல்டில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அந்தச் சட்டத்தை அன்றே விலக்கி வையுங்கள், 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' வேண்டாம்.

வேறு வேறு அளவுப் பேலட்டுகளை ஒரே அடுக்கில் கலக்காதீர்கள். 1,200 × 800 யூரோ பேலட்டின் மூலை 1,200 × 1,000 சட்டத்தின் மூலையில் உட்காராது.

ஏற்றுமதிக்குப் போகும் மரப்பேலட்டில் தாங்கியை ஆணியடித்துப் பிணைக்காதீர்கள். அந்த மரம், உள்பாகம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கி முத்திரை வாங்கியிருக்கும். ஆணியில் பிளந்த கட்டையை எடுத்துவிட்டு முத்திரையில்லாத மரத்தை வைத்தால், சேரும் நாட்டுத் துறைமுகத்தில் சரக்கு நிற்கும்.

ஆட்கள் நடக்கும் வழியை ஒட்டி மூன்று அடுக்கு நிறுத்தாதீர்கள். அடுக்கியதை ஃபோர்க்லிஃப்ட்டின் முனையால் தள்ளிச் சரிசெய்யாதீர்கள்; இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள். சட்டத்தில் கால் வைத்து மேலே ஏற யாரையும் விடாதீர்கள்.

கணக்கைப் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் மொத்தமாக ஆர்டர் கொடுக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு தொகுதி செய்யச் சொல்லுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் மணல் மூட்டைகளை, குறித்த எடைக்கு மேல் கால் பங்கு கூடுதலாக ஏற்றி, ஒரு நாள் முழுக்க விட்டுவையுங்கள். இறக்கியபின் மூலைவிட்டங்களை மறுபடி அளங்கள். அதே 1,562 வந்தால் மட்டும் மீதி தொகுதிகளுக்கு முன்பணம் கொடுங்கள்.