டிரில்லுக்கு மோட்டார் மாற்றும் முன் பல்லை எண்ணு

போன வாரம் ஒரே நாளில் இரண்டு பையன்கள் கடைக்கு வந்தார்கள். இரண்டு பேரும் ஐ.டி.ஐ. படிக்கிறவர்கள், இரண்டு பேர் கையிலும் பேட்டரி டிரில். முதல் பையன், "அண்ணாச்சி, இதுக்குப் பிரஷ்லெஸ் மோட்டார் மாத்தணும்" என்றான். ஏன்டே என்று கேட்டதற்கு, "இப்ப எல்லாரும் அதான் போடுதாங்க" என்று பதில். இரண்டாவது பையன் வாயே திறக்கவில்லை. கூட வந்த அப்பாதான் பேசினார்: "செலவப் பத்திக் கவலப்படாதீய அண்ணாச்சி, இருக்கதுலயே பெரிய மோட்டாராப் போட்டுக் குடுங்க."

முதல் டிரில்லில் மோட்டார் கெடவே இல்லை. இரண்டாவதில் கெட்டது மோட்டார்தான். ஆனால் அவர் கேட்ட பெரிய மோட்டார் அந்த உறைக்குள் நுழையாது. பேட்டை ரோட்டில் இத்தனை வருஷம் கடை வைத்திருப்பவன் என்ற உரிமையில் சிலதைச் சொல்லி வைக்கிறேன்.

முதலில் பேட்டரி. 18 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் 20, 21 என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது 3.6 வோல்ட் செல் ஐந்துதான். முழுசாக ஏறினால் 21, சராசரிக்கு 18. ஒரு செல் சோர்ந்தாலும் மெஷின் சும்மா சுற்றும். மரத்தில் வைத்து அழுத்தினால் நின்றுவிடும். முதல் பையனுக்கு இதுதான் கதை. அடுத்து சுவிட்ச். அதையும் தாண்டி வந்தால் கார்பன், அதாவது மோட்டாருக்குள் உரசிக் கரண்ட் கொடுக்கும் பிரஷ். மெஷின் ஓடாதபோது பின்பக்கம் ஒரு தட்டு தட்டினால் சுற்ற ஆரம்பிக்கிறதா? கார்பன் தேய்ந்துவிட்டது. கழற்றி மாற்றும்படி இருந்தால் மாற்று. மூடியோடு சேர்த்து அடைத்திருந்தால் மோட்டாரையே மாற்று. மோட்டாரைத் தனியாக எடுத்து பேட்டரியில் ஓட்டி, பின்னால் இருக்கும் ஓட்டை வழியாகப் பார். நீலமாக நாலு பொறி தெறிப்பது வழக்கம். வளையமாக நெருப்பு சுற்றினால், கார்பன் உரசும் கம்யூட்டேட்டர் போய்விட்டது.

அதே அளவு மோட்டார் போடுவதுதான் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சரியான வழி. கடையில் 550 என்று கேட்டால் கிடைப்பது சுமார் 36 மில்லிமீட்டர் விட்டம், 3.17 மில்லிமீட்டர் தண்டு. 775 என்பது 42 மில்லிமீட்டர் விட்டம், பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் தண்டு. அப்பா கேட்ட பெரிய மோட்டார் இதுதான். ஸ்குரூ ஓட்டைகூட ஒத்துவராது.

வோல்ட்டும் விட்டமும் பார்க்கிறவர்கள், மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பல்லைப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு பல்லும் பதினாலு பல்லும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். மாற்றிப் போட்டால் கியர் பாக்ஸ் ஊளையிடும், கொஞ்ச நாளில் உள்ளே இருக்கும் சின்னக் கியர்களின் பல் மாவாகும். ஒரு பல்லில் நகப்பூச்சால் பொட்டு வைத்துவிட்டு எண்ணுங்கள். பழைய பினியனைப் புதுத் தண்டில் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். பின்பக்க புஷ் நெளிந்துவிடும். சிவப்புப் புள்ளி இருக்கும் முனைக்கு பாசிட்டிவ். சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள், பின்மூடி பிளாஸ்டிக் உருகும்.

இனி அந்தப் பிரஷ்லெஸ் ஆசை. புதுசு, புதுசு என்கிறார்கள். 1962-லேயே அமெரிக்காவில் வில்சன், டிரிக்கி என்ற இரண்டு பொறியாளர்கள் இப்படியொரு மோட்டாரை விளக்கிக் கட்டுரை கொடுத்துவிட்டார்கள். மோட்டார் நல்ல மோட்டார்தான், நான் மறுக்கவில்லை. தேயக் கார்பன் இல்லை, சூடு குறைவு, பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும். நாள் முழுக்க வேலை செய்கிற ஆசாரி பிரஷ்லெஸ் மெஷினாகவே வாங்கட்டும். கார்பன் மோட்டாருக்கென்று செய்த உறைக்குள் அதைத் திணிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கார்பன் மோட்டாருக்கு இரண்டு வயர். பிரஷ்லெஸ்ஸுக்கு மூன்று, கூடவே ரோட்டர் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லும் சென்சார் வயர்கள், எல்லாவற்றையும் ஆட்டுவிக்க ஒரு போர்டு. உங்கள் பழைய சுவிட்ச் மோட்டாருக்கு நேராகக் கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்கும். போர்டு கேட்பது அதை அல்ல, ஒரு சின்னக் கட்டளையை. ஆக சுவிட்சும் போச்சு, ரிவர்ஸும் போச்சு. சரி, விலை மலிவு என்று பொம்மை விமானத்துப் போர்டை வாங்குகிறார்கள். அதில் சென்சார் கிடையாது. மோட்டார் சுற்றும்போது எழும் எதிர் வோல்ட்டை வைத்துத்தான் ரோட்டர் எங்கே என்று அது கண்டுபிடிக்கும். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் எதிர் வோல்ட் ஏது? விமானத்துக்குப் பரவாயில்லை, காற்றில் விசிறி லேசாகக் கிளம்பிவிடும். மரத்தில் பாதி இறங்கிய ஸ்குரூவோ எடுத்த எடுப்பிலேயே முழு பலம் கேட்கும். மோட்டார் நடுங்கும், நிற்கும், மறுபடி நடுங்கும். அந்த நேரத்தில் 50 ஆம்பியருக்கு மேல் போகும். 30 ஆம்பியர் போர்டு என்ன செய்யும்?

என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நானே ஒன்று செய்து பார்த்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு புது டிரில் வாங்கும் காசு. கல்லிடைக்குறிச்சி ஆசாரி ஒருவர் தேக்குக் கதவில் பூட்டுக்கு ஓட்டை போட வாங்கிப் போனார், மறுநாளே கருகல் வாடையோடு திரும்பி வந்தது. காசை நான்தான் திருப்பிக் கொடுத்தேன். இன்று அதே ஆசாரியிடம் இருப்பது 550 கார்பன் மோட்டார். பெரிய ஓட்டை என்றால் கியரை ஒன்றில் வைக்கிறார், மெஷின் புகைவதில்லை.

கார்பன் என்றால் கிழவன் மோட்டார் என்று பையன்களுக்கு நினைப்பு. 1944-ல் பாபநாசத்தில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய காலத்து ஜெனரேட்டர்களின் காந்தப்புலத்துக்குக் கரண்ட் ஊட்டியது கார்பன்தான். நம்ம ஜில்லாவின் காற்றாலைகளிலும் ஒரு வகைக்கு உச்சியில் கார்பன் உண்டு, ஆள் ஏறித்தான் மாற்ற வேண்டும். சரி, கார்பன் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் கூடுதல், ஒத்துக்கொள்கிறேன். அது சோறு போட்ட பொருள்.

மோட்டாரில் நடப்பதுதான் படிப்பிலும் நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்று ஒரு டிரேடு, அப்பா சொன்னார் என்று ஒரு டிரேடு. உன் கை எதற்கு வளைகிறது என்று எவனும் பார்ப்பதில்லை. சிலருக்கு வைண்டிங் கம்பி விரலில் தானாக ஓடும். சிலருக்கு மாசக் கணக்கில் சிக்கும், அவர்களே லேத்தில் நின்றால் ராஜா. நான் சேர்ந்த கடையில் முதல் ஆறு மாதம் கியர் பாக்ஸில் பழைய கிரீஸ் வழிப்பதைத் தவிர வேறு வேலை தரவில்லை. அப்போது அழுகைதான் வந்தது. எந்தக் கியர் எங்கே தேயும் என்று விரலுக்குத் தெரிந்தது அந்த ஆறு மாதத்தில்தான்.

அப்பாவை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, இரண்டாவது பையன் கையில் பினியனைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். "பதிமூணு" என்றான். பொட்டு வைத்துக் கொடுத்தேன். "பன்னெண்டு." மூன்றாவது தடவை ஊசி முனையை ஒவ்வொரு பல்லாக வைத்து, உதடு அசைய எண்ணினான்.

"பதினாலு அண்ணாச்சி."

பதினாலுதான். அலமாரியில் பதினாலு பல் 550 ஒன்று இருந்தது, எடுத்துக் கொடுத்து அவனையே மாட்டச் சொன்னேன்.