அணு உலையின் முதல் நியூத்திரன்

காரணமின்றிக் காரியமில்லை என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. வித்தின்றி மரமில்லை, மரமின்றி வித்துமில்லை. இவ்வழக்கைத் தமிழ் வகுப்பிலே கேட்டுப் பழகிய மாணவர், விஞ்ஞான வகுப்பிற்குச் சென்றதும் ஒரு வினாவை எழுப்புதல் இயல்பே. யுரேனியக் கருவொன்றை நியூத்திரன் ஒன்று தாக்க, அக்கரு பிளவுபடும். பிளவிலிருந்து இரண்டு அல்லது மூன்று நியூத்திரன்கள் வெளிப்பட்டு வேறு கருக்களைத் தாக்கும். இவ்வாறே சங்கிலித் தாக்கம் தொடரும் என்று பாடநூல் கூறுகின்றது. அங்ஙனமாயின், முதற் கருவைத் தாக்கிய முதல் நியூத்திரன் எங்கிருந்து வந்தது? தமிழாசிரியராகிய நாமும் இவ்வினாவின் சுவையில் ஈடுபட்டு, அதன் விடையை இங்கு எளிய தமிழில் தர முற்படுகின்றோம்.

விடையின் முதற் பகுதி யுரேனியத்திலேயே அடங்கியுள்ளது. எவரும் தாக்காமலே சில கருக்கள் தாமாகப் பிளவுறும். இதனைத் தன்னியல்புப் பிளவு என்பர். ஒரு கிலோகிராம் யுரேனியம் 238 இலிருந்து ஒரு செக்கனில் 13 அல்லது 14 நியூத்திரன்கள் இவ்வாறு வெளிப்படுகின்றன. 1940 ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தோர் பிளியோரோவ், பெத்திரசாக் என்னும் சோவியத்து அறிஞர் இருவர். வானிலிருந்து வரும் அண்டக்கதிர்களும் நியூத்திரன்களை உண்டாக்குவன ஆதலால், அவற்றின் தலையீட்டை விலக்குவதற்காக அவர்கள் மொசுக்கோவின் நிலக்கீழ்ப் புகையிரத நிலையமொன்றினுள் தம் சோதனையை நடத்தினர். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வாழ்வோர் மீது கடற்கரையில் வாழ்வோரைவிட அத்தகைய நியூத்திரன்கள் மிகுதியாகவே விழுகின்றன என்பதை நம் மாணவர் அறிந்து வைத்தல் நன்று.

இயற்கையிலேயே நியூத்திரன் உண்டெனின், பொறியியலாளர் உலையினுள் நியூத்திர மூலம் ஒன்றைத் தனியே வைப்பது எதற்காக? அடுப்புப் பற்றவைக்கும் தீக்குச்சி போன்றது அது என்று பலர் எண்ணுவர். உண்மையில் அதன் முதற் பயன் வழிகாட்டும் விளக்கின் பயனே. ஒரு உவாற்று வலுவுக்கே செக்கனுக்கு ஏறத்தாழ 3,100 கோடி பிளவுகள் வேண்டும். உலை உறங்கும் நிலையிலோ நியூத்திரன்கள் மிகச் சில. எண்ணும் கருவிக்கு அவை புலப்படாமற் போகலாம். அந்நிலையில் கட்டுப்பாட்டுக் கோல்களை உயர்த்துதல், மூடுபனி கவிந்த இறம்பொடை வளைவுகளில் விளக்கின்றி லொறி செலுத்துவதை ஒக்கும். கருவி விழித்துக்கொள்ளுமுன்னரே தாக்கம் எல்லை கடந்து பெருகிவிடலாம். கருவி காணத்தக்க அளவு நியூத்திரன்கள் தொடக்கத்திலேயே இருத்தல் பாதுகாப்பின் முதற்படியாகும்.

அத்தகைய மூலத்தை ஆக்கும் வழியை 1932 இலேயே சட்விக் காட்டியிருந்தார். பொலோனியத்தின் அல்பாத் துணிக்கைகள் பெரிலியத்தைத் தாக்கியபோது எழுந்த கதிர்ப்பிலேதான் அவர் நியூத்திரனைக் கண்டறிந்தார். காமாக் கதிராலும் பெரிலியத்திலிருந்து நியூத்திரனைப் பெறலாம். 1985 ஒக்டோபர் 18 ஆந் திகதி தமிழ்நாட்டுக் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலை, அந்திமனியும் பெரிலியமும் சேர்ந்த மூலத்தைக் கொண்டது. அந்திமனி 124 இன் காமாக் கதிர் பெரிலியத்திலிருந்து நியூத்திரனை விடுவிக்கும். இதன் அரைவாழ்வுக்காலம் 60 நாள். உலை இயங்கும்போது அதன் நியூத்திரன்களே அந்திமனியைப் புதுப்பிக்கின்றன. உலை நெடுநாள் ஓய்ந்திருப்பின் மூலமும் மெலிந்துவிடும்.

அதே கல்பாக்கத்தில் 1983 யூலை 2 ஆந் திகதி சங்கிலித் தாக்கத்தைத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையத்து முதல் உலை பாரநீரைப் பயன்படுத்துவது. பாரநீரில் உள்ள தியூத்தேரியக் கருவை 22 இலட்சம் இலத்திரன் உவோற்றுக்கு மேற்பட்ட காமாக் கதிர் தாக்கினால், அது நியூத்திரனும் புரோத்தனுமாகப் பிரியும். ஒருமுறை இயங்கிய உலையில் பிளவு விளைபொருள்கள் அத்தகைய கதிர்களை வீசிக்கொண்டிருத்தலால், நிறுத்திய பின்னரும் பாரநீரே நியூத்திரனைத் தரும். தோட்டத்து லயங்களில் நம் தாய்மார் இரவிலே சாம்பலுக்குள் தணலைப் பொதிந்து வைத்து, விடியலில் அதனையே ஊதி அடுப்பெரிப்பதை இதற்கு உவமையாகக் கூறலாம். ஆனால் தணலும் நாளடைவில் அவியும். ஆதலின் முதன்முறை தொடங்கும்போதும், பன்மாத ஓய்வின் பின்னர் தொடங்கும்போதும் நுட்பமான எண்ணிகள் வேண்டப்படுகின்றன.

இனி, மூலத்தின் நியூத்திரன்களை உலை எவ்வாறு பெருக்குகின்றது என்பதையும் காண்போம். ஒரு தலைமுறை நியூத்திரன்கள் அடுத்த தலைமுறையில் எத்தனை பங்காகின்றன என்பதைப் பெருக்கற் காரணி எனலாம். காரணி 0.9 ஆயின் எண்ணிக்கை மூலத்தைப்போல் 10 மடங்காகும், 0.99 ஆயின் 100 மடங்கு, 0.999 ஆயின் 1,000 மடங்கு. காரணி ஒன்றை நெருங்க நெருங்க எண்ணிக்கை விரைந்து உயர்வதைக் கண்டு, எல்லை அண்மையில் உள்ளதென இயக்குவோர் முன்கூட்டியே அறிவர். 1942 டிசெம்பர் 2 ஆந் திகதி சிக்காகோவில் பேர்மியும் கதுமியக் கோலைச் சிறிது சிறிதாக வெளியே இழுப்பித்து, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையை அளந்த பின்னரே அடுத்த அடியை அனுமதித்தார்.

நம் நாட்டில் அணு உலை இல்லை. ஆயினும், மன்னார் வளைகுடாவின் அக்கரையில் உள்ள கூடங்குளத்தில் 2013 யூலை 13 ஆந் திகதி முதல் உலை சங்கிலித் தாக்கத்தைத் தொடங்கியது. அதனை அஞ்சுவோரும் போற்றுவோரும் நம்மிடையே உளர். எத்தரப்பினராயினும், உலையில் எது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிந்து பேசுதலே கற்றோர்க்கு அழகு.

மாணவர்க்கு ஒரு பயிற்சி: ஒன்றிலிருந்து பெருக்கற் காரணியைக் கழித்து, வரும் விடையால் ஒன்றை வகுத்தால் மேற்கூறிய மடங்கு கிடைக்கும். எண்ணிக்கை 20 மடங்காயிருப்பின் காரணி யாது? அது 50 மடங்காக உயரும்போது, எல்லைக்கு இன்னும் எவ்வளவு தூரம் உளது?